பூனை மணலில் சிக்கலா? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

வீட்டில் நாற்றம் அடித்தாலும், தரையெல்லாம் துகள் இறைந்து கிடந்தாலும், பூனை தன் கழிப்பிடப் பெட்டியை விட்டுவிட்டு மெத்தையில் சிறுநீர் கழித்தாலும் பழி முதலில் விழுவது அந்தப் பெட்டியில் நிரப்பும் மணல் மேல்தான். அடுத்த பை வேறு வகை, அதுவும் ஒத்துவரவில்லை என்றால் இன்னொரு வகை என்று மாற்றிக்கொண்டே போகிறோம். வகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் எந்தக் குறையைத் தீர்ப்பதற்காக மாற்றுகிறோம் என்ற தெளிவு இல்லாமல் மாற்றினால் அந்த ஒப்பீட்டிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு மாற்றமும் பூனைக்கு ஒரு தொந்தரவு.

காரணம் பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும். பூனையின் உடல்நிலை, பெட்டியும் அது இருக்கும் இடமும், மணலின் ஆழமும் நாம் அள்ளும் பழக்கமும், கடைசியாக மணலின் வகை. இந்த வரிசையிலேயே சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரமாவது அப்படியே விட்டுப் பாருங்கள். பெட்டி, இடம், மணல் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், சிக்கல் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாமலே போய்விடும்.

வகைகளை ஒருமுறை பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் வீட்டுப் பூனைக்குச் சாம்பல், மணல், மரத்தூள் ஆகியவைதான் கிடைத்தன. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், பூனைக்காக மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்படும் களிமண் குருணையைக் கொடுத்தார். இன்று விற்பனையாகும் கட்டிபிடிக்காத, அதாவது ஈரம் பட்டாலும் கட்டியாகத் திரளாத, களிமண் வகை அதன் வாரிசு. ஈரம் பட்டதும் ஊதிப் பெருத்து இறுகும் சோடியம் பெண்டோனைட் களிமண் பின்னர் வந்தது. இவை தவிர சிலிக்கா ஜெல் படிகம், மரத்தூளை அழுத்திச் செய்த குச்சி, காகிதக் குச்சி, சோயா சக்கையிலிருந்து வரும் டோஃபு வகை, மக்காச்சோளம், கோதுமை, மரவள்ளி ஆகியவற்றின் மாவுச்சத்தால் கட்டிபிடிக்கும் வகைகள் என்று பல இருக்கின்றன. எல்லாவற்றையும் இங்கே மணல் என்றே குறிப்பிடுகிறேன்.

அடிக்கடி பெட்டிக்குப் போய் முக்குகிறது, சிறுநீர் வரவில்லை

இது மணலின் கோளாறு அல்ல. இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். ஆண் பூனையின் சிறுநீர்ப்புழை மிகவும் குறுகலானது. நுண்படிகங்களோ சளி போன்ற கசடோ அதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாட்களிலேயே உயிர் போய்விடும். பெட்டியில் உட்கார்ந்தபடி கத்துவது, அடிப்பகுதியை ஓயாமல் நக்குவது, வாந்தி, சோர்வு இவையெல்லாம் சேர்ந்து வரலாம். மலச்சிக்கலாக இருக்கும் என்று நினைத்து ஒரு நாள் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால்தான் காத்திருக்கக் கூடாது. நள்ளிரவாக இருந்தாலும் போய்விட வேண்டும்.

கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நாற்றம்

புதிதாகக் கழித்த சிறுநீரில் அம்மோனியா நெடி அவ்வளவாக இருக்காது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் அம்மோனியா வெளிவருகிறது. அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். ஆகவே நாற்றம் அடித்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஈரம் எங்கே தங்கியிருக்கிறது என்பதுதான்.

பெட்டியைக் காலி செய்து, வெறும் பெட்டியை முகர்ந்து பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கே நாறினால் எந்த மணலைக் கொட்டினாலும் பயன் இல்லை. பூனையின் நகம் கீறிய கோடுகளுக்குள் சிறுநீர் இறங்கி, அங்கேயே தங்கிவிடுகிறது. வெந்நீரும் மென்மையான சோப்பும் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகும் நெடி இருந்தால் பெட்டியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பிளீச்சிங் திரவத்தை மட்டும் பெட்டியில் ஊற்றாதீர்கள். சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு உண்டாகும். மூச்சுக்குழாய்க்கு அது கெடுதல்.

பெட்டி சுத்தமாக இருந்தும் நாற்றம் வருகிறதா? அப்படியானால் வகையைப் பொறுத்துப் பார்க்க வேண்டும். கட்டிபிடிக்கும் களிமண்ணில் நாற்றம் வந்தால், கட்டிகள் உடைந்து சிதறல் உள்ளேயே தங்கிவிடுகிறது என்று பொருள். அடுத்த பகுதியைப் பாருங்கள். கட்டிபிடிக்காத களிமண்ணில் சிறுநீர் அடிவரை இறங்கிப் பரவும். மேலே மலத்தை மட்டும் அள்ளிக்கொண்டிருந்தால் கீழே ஈரச்சேறு சேர்ந்துவிடும். இந்த வகையை வாரம் ஒரு முறையாவது முழுதாகக் கொட்ட வேண்டும், கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. சிலிக்கா படிகம் நீரை உறிஞ்சிக்கொண்டு நெடியையும் நன்றாக அடக்கும். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. படிகம் மஞ்சளாகிவிட்டால், அல்லது கிளறும்போது அடியில் ஈரம் மினுங்கினால் அதன் வேலை முடிந்தது. தினமும் ஒரு முறை கிளறிவிடாவிட்டால் ஒரே மூலையிலுள்ள படிகங்கள் நிரம்பிப்போய், மற்ற மூலைகள் புதிதாகவே கிடக்கும். மரக்குச்சி முதல் சில நாட்கள் அருமையாக அடக்கும். தூளாக உதிர்ந்த பிறகு அந்தத் தூளை அகற்றாவிட்டால் அதுவே நாறும். காகிதம் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், நெடியை அடக்காது.

வாசனை சேர்த்த மணலை நான் பரிந்துரைப்பதில்லை. நமக்கு மல்லிகை மணமாக இருப்பது, தரையை ஒட்டி முகம் வைத்து அதற்குள் நிற்கும் பூனைக்குத் தாங்க முடியாத நெடி. நாற்றம் மறைகிறதே தவிர குறைவதில்லை. பெட்டியை அள்ள மறந்ததை நினைவூட்டும் ஒரே அறிகுறியும் போய்விடுகிறது.

கருத்தடை செய்யாத ஆண் பூனையின் சிறுநீர் நெடி தனி ரகம். ஃபெலினின் என்ற அமினோ அமிலம் அதில் மிகுதி; அது சிதையும்போது கந்தகம் கலந்த சேர்மங்கள் வெளிவருகின்றன. அந்த நெடியை எந்த மணலாலும் முழுதாக அடக்க முடியாது. கருத்தடைதான் தீர்வு.

கட்டி உடைகிறது, அல்லது அடியில் அப்பிக்கொள்கிறது

இதற்கு முதல் காரணம் ஆழக் குறைவு. பெட்டியில் 3 சென்டிமீட்டர் மணல் இருந்தால் சிறுநீர் நேராக அடித்தளத்தைத் தொட்டுவிடும். பெண்டோனைட் அங்கே பசைபோல ஒட்டி இறுகும். அதைச் சுரண்டும்போது கட்டி உடையும், பெட்டியும் கீறும். 6 முதல் 8 சென்டிமீட்டர் வரை நிரப்பிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த ஒரு மாற்றமே போதும். அதிகம் செலவாகுமே என்று தோன்றலாம். உண்மையில் முழுக் கட்டிகளாக வெளியேறுவதால் பை நீண்ட நாள் வரும்.

இரண்டாவது காரணம் அவசரம். கட்டி இறுக நேரம் வேண்டும். பூனை வெளியே வந்த உடனே அள்ளினால் எந்தக் கட்டியும் உடையும்.

ஆழமும் நேரமும் சரியாக இருந்தும் உடைந்தால் மணலின் தரத்தைச் சோதிக்கலாம். நேர்ச்சுவர் உள்ள கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொண்டு, ஒப்பிட வேண்டிய மணல்களை ஒவ்வொன்றிலும் 7 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து, ஒவ்வொரு குவளையிலும் 20 மில்லிலிட்டரை ஒரே உயரத்திலிருந்து, குவளையின் சுவரை ஒட்டி, ஒரே இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். உப்பு அவசியம். உப்பு நீரில் பெண்டோனைட் குறைவாகவே ஊதும், சிறுநீரும் உப்பு நீர்தான். வெறும் தண்ணீரில் சோதித்தால் சுமாரான மணலும் நன்றாகத் தேறிவிடும்.

இப்போது கண்ணாடியின் பக்கவாட்டில் பாருங்கள். நல்ல பெண்டோனைட்டில் ஈரம் பாதி வழியிலேயே நின்றுவிடும். கருமையான குமிழ் ஒன்று வீங்கித் திரளும், அதன் ஓரம் கூர்மையாகத் தெரியும். தரம் குறைந்ததில் ஈரக்கோடு விரல்போல நீண்டு அடியைத் தொடும். டோஃபு வகையில் குச்சிகளுக்கு இடையே நீர் சற்று இறங்கி, பிறகு குச்சிகள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்டி தட்டையாகவும் சற்று மிருதுவாகவும் இருக்கும். கால் மணி நேரம் கழித்துக் கட்டியை எடுத்து, முழங்கால் உயரத்திலிருந்து செய்தித்தாளின் மேல் போடுங்கள். முழுதாக நின்றால் நல்லது. இரண்டாகப் பிளந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தச் சிதறல்தான் உங்கள் பெட்டியில் தினமும் தங்கி நாறிக்கொண்டிருக்கிறது.

கட்டிபிடிக்கும் மணலில் அள்ளிய அளவுக்குப் புதிதாகச் சேர்த்துக்கொண்டே வந்தாலும், நாளடைவில் நுண்பொடி மிகுந்து கட்டியின் உறுதி குறையும். மாதத்துக்கு ஒரு முறையாவது முழுதாக மாற்றுவது நல்லது.

வீடெங்கும் துகள் பரவுகிறது

துகள் சிறிதாகவும் எடை குறைவாகவும் இருந்தால் பாதத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். நீள்முடிப் பூனைகளுக்கு விரலிடுக்கில் முடி இருப்பதால் இன்னும் அதிகம். பெரிய குச்சி வகைக்கு மாறினால் பரவல் பெருமளவு குறையும். ஆனால் மிருதுவான பாதங்களுக்குப் பொடிமணலே சுகம் என்பதால் பல பூனைகள் குச்சியை விரும்புவதில்லை. வகையை மாற்றும் முன்பு உயரமான சுவர் உள்ள பெட்டியும், வாசலில் துளையுள்ள இரட்டை அடுக்கு மிதியடியும் வைத்துப் பாருங்கள். சிலிக்கா உருண்டைகள் மட்டும் விதிவிலக்கு. ஒட்டாவிட்டாலும் உருண்டோடி அலமாரியின் அடிவரை போகும், வெறுங்காலில் மிதித்தால் வலிக்கும்.

புழுதி கிளம்புகிறது, பூனை தும்முகிறது

அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, மணலை மெதுவாகக் கொட்டுங்கள். ஒளிக்கற்றையில் எவ்வளவு தூசி எழுகிறது, எவ்வளவு நேரம் மிதக்கிறது என்று பார்த்தால் இரண்டு பைகளின் வேறுபாடு பளிச்சென்று தெரியும். களிமண்ணில் பொதுவாகப் புழுதி அதிகம். ஒரே வகைக்குள்ளேயே தரம் வெகுவாக மாறும் என்பதால் பையின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் விளக்கை நம்புங்கள். பையின் அடியில் தங்கும் கடைசிப் பொடியைப் பெட்டியில் கொட்டாமல் விட்டாலே பாதி குறையும். மூடியுள்ள பெட்டியில் புழுதியும் நெடியும் உள்ளேயே சுற்றும். ஆஸ்துமா உள்ள பூனைக்கு மூடியை எடுத்துவிட வேண்டும். பூனையோ வீட்டில் உள்ளவர்களோ தொடர்ந்து இருமினால் காகிதம் அல்லது டோஃபு வகைக்கு மாறுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.

மரக்குச்சிப் பெட்டியில் அடியில் குட்டை கட்டுகிறது

சாதாரணத் தட்டில் மரக்குச்சியைப் போட்டால் அப்படித்தான் ஆகும். இதற்குச் சல்லடை அடித்தளம் கொண்ட இரட்டைத் தட்டு வேண்டும். ஈரம் பட்ட குச்சி உதிர்ந்து தூளாகிக் கீழ்த்தட்டில் விழும், நல்ல குச்சி மேலே நிற்கும். தட்டைத் தினமும் குலுக்கிவிட வேண்டும். முறையாகச் செய்தால் மரக்குச்சிதான் நீண்ட நாள் வருகிற சிக்கனமான வகை.

பூஞ்சை பூக்கிறது, சிறு பூச்சிகள் வருகின்றன

தாவர வகைகளில் மட்டும் வரும் சிக்கல் இது. டோஃபு, மக்காச்சோளம், கோதுமை எல்லாம் அடிப்படையில் உணவுப்பொருள்கள். ஈரக்காற்று பட்டால் பூஞ்சை பிடிக்கும், தானிய அந்துப்பூச்சி முட்டையிடும். பையைத் திறந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள். பெட்டியில் மெல்லிய இழைபோலப் பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டுத் தொடரக் கூடாது, முழுதாகக் கொட்டிவிட வேண்டும். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் வசிப்பவர்கள் சிறிய பைகளாக வாங்குவது நல்லது.

கழிப்பறைக் குழாய் அடைத்துக்கொண்டது

பெண்டோனைட்டை ஒருபோதும் கழிப்பறையில் போடக் கூடாது. குழாய்க்குள்ளும் அது ஊதி இறுகும். டோஃபு வகை நீரில் கரையும் என்றாலும் பூனை மலத்தைக் கழிப்பறையில் விடுவதை நான் ஆதரிப்பதில்லை. அதில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைக்கூடுகள் இருக்கலாம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் அவை எளிதில் அழிவதில்லை. கலிஃபோர்னியாக் கடலோரத்தில் கடல் நீர்நாய்கள் இந்த ஒட்டுண்ணியால் இறந்திருக்கின்றன. பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். இந்த முட்டைக்கூடுகள் வெளிவந்து 1 முதல் 5 நாட்கள் கழித்தே தொற்றும் தன்மை பெறுகின்றன என்பதால் தினமும் அள்ளுவதே நல்ல பாதுகாப்பு. கருவுற்றிருப்பவர்கள் இந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் கையுறை அணிந்து செய்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மணலைத் தின்கிறது

குட்டி என்றால் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் பருவம். 3 மாதம் ஆகும்வரை கட்டிபிடிக்கும் வகை எதுவும் வேண்டாம், வயிற்றுக்குள் போய் ஊதினால் குடல் அடைக்கலாம். காகிதமோ மரக்குச்சியோ போதும். வளர்ந்த பூனை திடீரென மணலை நக்கவோ தின்னவோ தொடங்கினால் அது இரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம். ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எப்படி இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெட்டிக்கு வெளியே போகிறது

பூனையை அதட்டுவதற்கு முன், அது பெட்டிக்குள் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். மணல் பிடித்த பூனை உள்ளே இறங்கி, முகர்ந்து, நிதானமாகத் தோண்டி, காரியம் முடிந்ததும் திரும்பி நின்று மூடும். பிடிக்காத பூனை முன்னங்கால்களைப் பெட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டு பின்னங்கால்களை மட்டும் உள்ளே இறக்கும். மணலைத் தொடாமல் பெட்டியின் சுவரையோ வெளித்தரையையோ பிராண்டும். பாதத்தை உதறிவிட்டு ஓடும். இரண்டாவது நடத்தை தெரிந்தால் மணலை மாற்றிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

உள்ளே வர முயன்று, ஏறமுடியாமல் தயங்குகிறதா? வயதான பூனைகளில் மூட்டுத் தேய்வு மிகச் சாதாரணம், ஆனால் அவை நொண்டிக் காட்டுவதில்லை. ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிய பெட்டி வேண்டும். திரும்ப இடமில்லாமல் நெருக்கியடிக்கிறதா? மூக்கிலிருந்து வாலின் தொடக்கம்வரை உள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு பெட்டி இருக்க வேண்டும். விற்பனையில் உள்ள பல பெட்டிகள் இதைவிடச் சிறியவை. துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கிறதா? ஒரு தடவை அது அதிர்ந்து பயமுறுத்தியிருந்தால் பூனை அந்த இடத்தையே வெறுத்துவிடும். பல பூனைகள் உள்ள வீட்டில் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். நோயும் வலியும் காரணமாக இருக்கலாம் என்பதால் இந்தப் பழக்கம் புதிதாகத் தொடங்கியிருந்தால் மருத்துவப் பரிசோதனைதான் முதல் படி. வெளியே அசுத்தமான இடத்தை நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். சாதாரணத் திரவம் நம் மூக்குக்கு மட்டுமே வாசனையைப் போக்கும், பூனை மறுபடி அதே இடத்துக்கு வரும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே மணல் சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் பழைய மணல், மற்றதில் புதியது, இரண்டிலும் ஒரே ஆழம், இரண்டையும் ஒரே நேரத்தில் அள்ளுங்கள். எதில் எத்தனை தடவை என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பெட்டிகளை இடம் மாற்றுங்கள். மணலைத் தொடர்ந்து பூனையும் இடம் மாறினால் அது மணலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. பழைய மூலையிலேயே நின்றுவிட்டால் அது தேர்ந்தெடுத்தது இடத்தை. பொதுவாகப் பூனைகள் வாசனையற்ற, பொடியான, கட்டிபிடிக்கும் மணலின் பக்கமே சாய்கின்றன. உங்கள் பூனை வேறு மாதிரி இருந்தால் அதன் விருப்பமே செல்லும்.

புதியது வென்றாலும் பழையதை ஒரே நாளில் எடுக்காதீர்கள். கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கலந்து இரண்டு வாரத்தில் மாற்றுங்கள். சிலிக்காவையும் மரக்குச்சியையும் களிமண்ணோடு கலப்பது மட்டும் பலன் தராது. இரண்டின் வேலையும் கெடும். அங்கே இரண்டு பெட்டிகளையும் சில வாரங்கள் வைத்திருந்து, பழையதை மெல்ல விலக்க வேண்டும்.

கட்டியின் அளவோ எண்ணிக்கையோ மாறிவிட்டது

என் மனத்தில் கட்டிபிடிக்கும் மணலுக்கு முதலிடம் கிடைத்ததற்குக் காரணம் இதுதான். பூனை நோயை மறைக்கும் பிராணி. ஆனால் அது எத்தனை தடவை, எவ்வளவு சிறுநீர் கழித்தது என்ற கணக்குப் பெட்டியில் கட்டிகளாகக் கிடக்கிறது. வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு கட்டிகள் என்பது வழக்கமான அளவு. கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போனால், தண்ணீரும் கூடுதலாகக் குடித்தால், சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, தைராய்டு மிகைச்சுரப்பு ஆகியவற்றுக்கு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். கோலிக்குண்டு அளவில் நிறையக் கட்டிகள் கிடந்தால் சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். கட்டியே இல்லாத நாள் என்றால் இந்தக் கட்டுரையின் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

சிலிக்காவோ மரக்குச்சியோ பயன்படுத்துபவர்களும் இந்தக் கணக்கை முழுதாக இழக்க வேண்டியதில்லை. மரக்குச்சிக்கு உதிர்ந்த தூளின் அளவைக் கவனிக்கலாம். சிலிக்காப் பெட்டியைத் தினமும் ஒரே நேரத்தில், மலத்தை அள்ளிய பிறகு, சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறிக்கலாம். ஈரம் ஓரளவு ஆவியாகிவிடும் என்பதால் அந்த எண் துல்லியமாக இருக்காது. ஆனாலும் வழக்கத்தைவிட எடை கூடிக்கொண்டே போனாலோ திடீரென்று கூடாமல் நின்றுவிட்டாலோ தெரிந்துவிடும். அந்தத் தாளை அப்படியே மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.